ஒருவருக்கான பொங்கல் விருந்து

“எனக்கு ஒருத்திக்காக அடுப்பைப் பற்ற வைப்பதா?” தனியே வாழும் முதியவர்கள் பலர் எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு. பண்டிகை நாளில் இக்கேள்வி இன்னும் கனக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, இரண்டு வாழைப்பழத்தோடு பொங்கலை முடித்துக்கொள்வோர் உள்ளனர். பழைய பழக்கத்தில் ஐந்து பேருக்குச் சமைத்து, அதையே மூன்று நாள் உண்போரும் உள்ளனர். இரண்டுமே உடலுக்குக் கேடு. ஒருவருக்கு வேண்டிய அளவில், உரிய நேரத்தில், பொங்கல் சமைக்கும் எளிய முறையை இங்கே விளக்குகிறோம்.

உணவைத் தவிர்க்கலாகாது

இன்சுலினும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளும், நாம் உண்ணாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். மருந்தை எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டால் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியவை நேரலாம். தனியே இருப்பவர் மயங்கினால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்காது. ஆகவே பண்டிகையன்றும் வழக்கமான நேரத்திலேயே உண்ணுங்கள். அறிகுறி தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள்.

ஒரே குக்கரில் இரு பொங்கல்

முதலில் ஒரு சிறு பாத்திரத்தில் கால் டம்ளர் பாலைக் காய்ச்சுங்கள். சிறிதளவு பாலும் பொங்கத்தான் செய்யும். அதைப் பார்த்து மகிழ்ந்தபின் அடுப்பைத் தணியுங்கள்.

பச்சரிசி 50 கிராம், பாசிப்பருப்பு 25 கிராம் எடுத்துக் கழுவி, இரண்டு டம்ளர் நீர் சேர்த்து, உப்பிடாமல் சிறிய குக்கரில் நான்கைந்து விசில் வரும்வரை வேகவிடுங்கள். குழைந்ததும் மூன்று மேசைக்கரண்டி அளவு தனியே எடுத்து, காய்ச்சிய பால், இரண்டு தேக்கரண்டி வெல்லத்தூள், ஏலக்காய் சேர்த்துக் கிளறினால் சர்க்கரைப் பொங்கல் ஆயிற்று. எஞ்சியதில் அளவாக உப்பிட்டு, ஒரு தேக்கரண்டி நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் வெண்பொங்கல்.

பூசணி, அவரை, கேரட் என 100 கிராம் காயை நறுக்கி, ஊறவைத்த பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டியும் மஞ்சளும் சேர்த்து வேகவைத்து, சிறிது தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டால் கூட்டு தயார். நெடுநேரம் நிற்க இயலாதோர் நாற்காலியில் அமர்ந்து காய் நறுக்கலாம். முதல் நாளே நறுக்கிக் குளிர்பதனப் பெட்டியிலும் வைக்கலாம்.

யார் எதில் கவனம் கொள்ள வேண்டும்?

நீரிழிவு உள்ளோர்: வெல்லமும் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். வெல்லத்தை ஒரு தேக்கரண்டியாகக் குறையுங்கள். கூட்டையும் வெண்பொங்கலையும் உண்டபின், இறுதியில் இரண்டு கரண்டி இனிப்பு போதும்.

இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளோர்: அப்பளமும் ஊறுகாயும் வேண்டா. ஒரு நாள் முழுவதற்குமான உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

சிறுநீரக நோயாளிகள்: பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. எந்தக் காய், எவ்வளவு என்பதை உங்கள் உணவியல் நிபுணரிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

மிஞ்சினால்

சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாளே உண்டு முடியுங்கள். சோற்றில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கும். வெளியே கிடக்கும் சோற்றில் அவை பெருகி உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

குடும்பத்தினருக்கு

வர இயலாத பிள்ளைகள், காலை வாழ்த்தோடு நின்றுவிடாமல் அம்மாவோ அப்பாவோ சாப்பிட அமரும் நேரத்தில் அழையுங்கள். “சாப்பிட்டீர்களா?” என்பதோடு “என்ன சமைத்தீர்கள்?” என்றும் கேளுங்கள். மருந்துக்குப்பின் உணவு உள்ளே சென்றதா என்பது அந்த விடையிலேயே தெரிந்துவிடும்.

தனியே இருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: சமைத்ததைப் பாத்திரத்திலிருந்தே உண்ணாதீர்கள். ஒரு வாழையிலை விரித்துப் பரிமாறி, அமர்ந்து, நிதானமாக உண்ணுங்கள். அன்றைய விருந்தினர் நீங்களே.