இலைச்சாறு ஊற்றினால் பசுமையா?

வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றில் துத்தநாக உப்பைக் கரைத்தால் துத்தநாக ஆக்சைடு நானோ துகள் தயார் என்று சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. 'பசுமைத் தயாரிப்பு' என்று பெயர். பாதிதான் உண்மை. வெள்ளி நானோ துகள் என்றால், வெள்ளி உப்பை வெள்ளியாக்க இலையின் பாலிபீனால்கள் எலக்ட்ரான் தந்தாக வேண்டும். துத்தநாக ஆக்சைடுக்கு அந்தத் தேவையே இல்லை. உப்பிலும் ஆக்சைடிலும் துத்தநாகத்தின் மின்னூட்டம் ஒன்றுதான். துகள்கள் ஒட்டிப் பெரிதாகாமல் மேலே பூச்சாகப் படிவதே சாற்றின் முக்கிய வேலை. அந்தப் பூச்சையும் கடைசியில் 400 டிகிரி உலையில் எரித்துவிடுகிறார்கள் பலர்!

இலைச்சாற்றைவிட எனக்கு நம்பிக்கை தருவது செல்லுலோஸ். பருத்தியில் சுமார் 90 சதவீதம் அதுதான். வாழைநாரிலும் பாதிக்கு மேல். அதன் சங்கிலி நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள். பருத்தித் துணியைத் துத்தநாக அசிடேட் கரைசலில் ஊறவைத்தால் அவை துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். காஸ்டிக் சோடா சேர்த்து, கொதிநிலைக்குக் கீழேயே சூடாக்கினால் இழையின் மீதே ஆக்சைடு வளரும். 300 டிகிரியை நெருங்கினாலே செல்லுலோஸ் சிதைந்துவிடும் என்பதால் உலைக்கு வழியில்லை. அதனாலேயே எரிபொருள் மிச்சம். துணியை விட்டு நானோ செல்லுலோஸ் படிகம்தான் வேண்டும் என்றால் கதை மாறும்: வழக்கமான முறைக்கு 60 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள கந்தக அமிலம் வேண்டும், அதைக் கழுவ ஏராளமான தண்ணீர் வேண்டும்.

ஆக்சைடு படிந்த இழைக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் துணி, கிருமியைக் கட்டுப்படுத்தும் காயக்கட்டு, உணவுப் பொதி என்று பயன்கள் பல. அதிகம் பேசப்படுவது சாயக்கழிவுச் சுத்திகரிப்பு. வெளிச்சம் பட்ட ஆக்சைடு, சாய மூலக்கூறை உடைக்கிறது. ஆனால் சோதனைக்கூடத்தில் குவளை நீரில் மெத்திலின் புளூ சாயம் வெளுப்பது வேறு, திருப்பூரின் சாயக்கழிவு வேறு. நொய்யல் ஆற்று மாசுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தக் கழிவில் நிறத்தைவிடப் பெரிய தலைவலி உப்பு. சாயம் உடைந்தாலும் உப்பு அப்படியே நீரில் நிற்கும். போதாக்குறைக்கு, காரம் மிகுந்தால் துத்தநாக ஆக்சைடே கரையும். சூரிய ஒளியில் சாயத்தை உடைக்க உதவும் புற ஊதாக் கதிரோ மிகச் சிறு பங்கு.

ஆகவே முழுச் சுத்திகரிப்புக்கு இது மாற்று ஆகாது. நிறம் நீக்கும் ஒரு கட்டமாக வேண்டுமானால் பொருந்தலாம். அதற்கும் தூளைவிடத் துணியே மேல். நீரில் கலந்த நானோ தூளைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. கரையும் துத்தநாகம் மீனுக்கு நஞ்சு. துணி என்றால் தூக்கி அலசி மறுபடி போடலாம். எத்தனை அலசலுக்குத் தாங்கியது, எவ்வளவு துத்தநாகம் நீரில் இறங்கியது என்ற இரண்டு எண்களைத்தான் எந்தக் கட்டுரையிலும் முதலில் தேடுகிறேன்.