நூறு வருடம் கழித்து யார் வாசிப்பார்?

வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும் நாளில்தான் நம் அலுமாரிக்குள் என்னென்ன இருக்கிறது என்பது நமக்கே தெரியவருகிறது. அட்டை கழன்ற நாவல்கள், பழைய சஞ்சிகைகள், பிள்ளைகளின் எழுதி முடிந்த கொப்பிகள் எல்லாம் ஒரே கட்டாகிப் பழைய பேப்பர் வாங்குபவரின் தராசில் ஏறிவிடும். ஒரு வாரம் கழித்து அதில் ஒரு தாள் கடலைச் சரையாகத் திரும்பி வந்தாலும் வியப்பதற்கில்லை. வாசக சகோதரியே, அந்தக் கட்டோடு நாளைய இலக்கியம் ஒன்றும் போய்விட்டதோ என்று என்றாவது யோசித்தீர்களா?

சிரிக்காதீர்கள். எந்த நூல் நிலைக்கும், எது மறையும் என்பதைப் பெரிய பெரிய படிப்பாளிகளே சரியாகச் சொன்னதில்லை. 1936 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நூல் சேகரிப்போருக்காக வெளிவந்த 'த கொலோபன்' என்ற காலாண்டிதழ் தன் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. இன்று எழுதுகிறவர்களில் யாருடைய நூல்கள் 2000 ஆம் ஆண்டில் பேரிலக்கியமாக மதிக்கப்படும் என்பதே அது. முதலிடம் பெற்றவர் சின்கிளெயர் லூயிஸ். வில்லா கேதர், ரொபர்ட் புரொஸ்ட் போன்றோரும் பட்டியலில் இருந்தார்கள். அந்த ஊகம் பொய்க்கவில்லை. ஆனால் அதே முதல் பத்தில் இருந்த ஜேம்ஸ் பிராஞ்ச் கபெலை இன்று ஆய்வாளர்களைத் தவிர யார் தேடுகிறார்கள்? ஹெமிங்வே, போக்னர், பிட்ஸ்ஜெரால்ட் மூவருக்கும் அந்தப் பத்தில் இடமே கிடைக்கவில்லை. போக்னருக்கு 1949 ஆம் ஆண்டுக்கான நொபெல் பரிசும், ஹெமிங்வேக்கு 1954 இல் அதே பரிசும் கிடைத்தன.

பிட்ஸ்ஜெரால்டின் கதை இன்னும் பரிதாபமானது. 'த கிரேட் கெட்ஸ்பி' 1925 இல் வந்தது. 1940 இல் அவர் இறந்தபோது விற்காத பிரதிகள் பதிப்பகத்தில் தேங்கிக் கிடந்தன. பின்னர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இலவசமாக அனுப்பிய நூல்களில் அதுவும் சேர்ந்தது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் அப்படிக் கைக்குக் கை போயின. அதன்பின்புதான் அது பள்ளிக்கூடங்களில் பாடமானது. யாரோ ஓர் அதிகாரி பெட்டியில் எதை அடுக்குவது என்று எடுத்த முடிவும் ஒரு நூலின் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது பாருங்கள்!

அமெரிக்கக் கதை இருக்கட்டும், நம் பெண்களிடம் வருவோம்.

வங்காளத்துப் பேகம் ரொக்கையா, 1880 இல் பிறந்தவர். ஆங்கிலத்தை அண்ணனிடம் இரவில், வீட்டார் உறங்கிய பிறகு ஒளித்துக் கற்றுக்கொண்டார். 1905 இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற சிறு கதையை, சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மாதர் இதழ்தான் முதலில் அச்சிட்டது. அந்தக் கதையில் வருவது பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது, ஆகாயத்தில் வாகனம் பறக்கிறது! அந்த மாத இதழை வாசித்துவிட்டு மூலையில் போட்ட பெண்களில் ஒருவராவது, இதை நூறு வருடத்துக்குப் பின் உலகம் முழுவதும் வாசிப்பார்கள் என்று நினைத்திருப்பாரா? 1932 இல் அவர் மறைந்தார். இன்றோ அது உலகப் பல்கலைக்கழகங்களில் பாடம்.

தமிழிலும் நமக்கு ஒருவர் இருக்கிறார். நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938 இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் வேறு யாருமல்ல, தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். சங்க நூல்களை ஏட்டிலிருந்து மீட்ட கை, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு முஸ்லிம் பெண்ணின் நாவலுக்கு முன்னுரை எழுதியது. 1998 இல் ஜுனைதா பேகம் காலமானார். அவர் பெயரை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

நம் நாட்டுக்கே வந்தால், கண்டி அறிஞர் மர்ஹூம் சித்திலெப்பை 1885 இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுகிறது. தமிழின் முதல் நாவல் வந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது அப்போது. இன்று அதை எடுத்து வாசித்தால் நடை சற்றுக் கரடுமுரடாகத்தான் இருக்கும், நான் மறைக்கவில்லை. கதைச் சுவைக்காக அல்ல, முதலில் வந்ததற்காக நிலைத்த நூல் அது. எனினும் அதற்கும் யாரோ ஒருவர் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தியிருக்க வேண்டுமல்லவா? பிரதியே இல்லாவிட்டால் மறுபதிப்பு எங்கிருந்து வரும்?

நம் நாட்டில் இது வெறும் பேச்சல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரிகள் கையில் எடுத்துவரக் கிடைத்தது மிகச் சொற்பம். குழந்தையைத் தூக்குகிற கையில் நாவலா தூக்க முடியும்? அந்த வீடுகளின் அலுமாரிகளில் என்ன இருந்தது என்பதற்குப் பட்டியல் கிடையாது.

சரி, இன்றைய நூல்களில் எது நிற்கும்? என் ஊகத்தைக் கேட்டால் மூன்று சொல்வேன். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) முதலாவது. அவருக்கு 1997 இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்தது 'சாய்வு நாற்காலி'தான், ஆனாலும் என் ஓட்டு முந்தியதற்கே. அடுத்தது சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). அதைப் படித்துக் கோபப்பட்டவர்களும் உண்டு, நம் வீட்டு அடுப்படிப் பேச்சே காகிதத்தில் வந்துவிட்டதே என்று வியந்தவர்களும் உண்டு. கோபப்படுத்திய நூல் அவ்வளவு இலேசில் மறையாது. மூன்றாவது தமிழல்ல, கன்னடம். கர்நாடக முஸ்லிம் பெண்களின் வாழ்வைப் பானு முஷ்தாக் 1990 முதல் எழுதிய சிறுகதைகளில் சில, ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 2025 இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. சிறுகதைத் தொகுப்பொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை.

பரிசை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் இலக்கிய நொபெல் பரிசு 1901 இல் சுலி புருதோம் என்ற பிரெஞ்சுக் கவிஞருக்குப் போனது. டோல்ஸ்டோய் அப்போது உயிரோடு இருந்தார்! என் அளவுகோல் வேறு. ஒரு தரம் வாசித்து முடித்த நூலை மகளிடம் கொடுக்கத் தோன்றுகிறதா? மகள் அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்கிறாளா? இரவல் போய் வராத நூல்கள் எனக்கும் ஏழெட்டு உண்டு. இப்போது அதற்காக வருத்தமில்லை.

அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அந்தக் கட்டைத் தராசில் வைப்பதற்கு முன் ஒரு தரம் அவிழ்த்துப் பாருங்கள். உம்மம்மாவின் காலத்துச் சிறு நூலோ, உள்ளூரில் அச்சான கதைப் புத்தகமோ, பெண் பெயர் போட்ட கவிதைத் தொகுப்போ கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள். வைக்க இடமில்லாவிட்டால் ஊர் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இலங்கைத் தமிழ் நூல்களை 2005 முதல் கணினியில் ஏற்றிவரும் 'நூலகம்' திட்டத்தாரும் இருக்கிறார்கள். முதற் பக்கம் கிழிந்திருந்தால், ஆசிரியர் பெயரையும் ஊரையும் வருடத்தையும் உங்களுக்குத் தெரிந்த மட்டில் பென்சிலால் உள்ளட்டையில் எழுதிவிட்டுக் கொடுங்கள்.