நீலம் மட்டும் மிஞ்சுவது ஏன்?

வெயில் படும் சுவரில் ஆண்டுக்கணக்காகத் தொங்கும் காலண்டர் சாமிப்படம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் வெளுக்கிறது. முருகனின் செம்பட்டும் மஞ்சள் மாலையும் போய், படம் முழுக்க நீலம் பாய்ந்து நிற்கும். ஆஃப்செட் அச்சின் நான்கு மைகளுக்கும் ஆயுள் ஒன்றல்ல. வழக்கமான மஞ்சளும் மெஜந்தாவும் அசோ வகை நிறமிகள். புற ஊதாக் கதிர் அவற்றின் மூலக்கூறுகளைச் சிதைத்துவிடும். கறுப்பு வெறும் கரி, அதற்கு வெயில் பொருட்டல்ல. வியப்பு சயான் என்னும் நீல மைதான். 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலையில், கண்ணாடிப் பூச்சு விரிசல்விட்ட இரும்புக் கலத்தில், யாரும் எதிர்பாராத நீலப் படிவு ஒன்று தென்பட்டது. அதே வகையில் இரும்புக்குப் பதில் தாமிரத்தை நடுவே வைத்த தாமிர தாலோசயனின் 1935இல் விற்பனைக்கு வந்தது; சயான் மையின் நிறமி அதுதான். அணுவளையத்தின் மையத்தில் தாமிரம் இறுகப் பிடிபட்டிருப்பதால், அது விழுங்கும் ஒளி மூலக்கூறை உடைக்காமல் வெப்பமாக வெளியேறிவிடுகிறது.

பழங்கால இயற்கை நிறமே நிலைக்கும், ஆலை நிறம் மங்கும் என்று வாதிடுவோர் நம் விழுப்புரம் மாவட்டத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். கீழ்வாலைப் பாறைகளில் வரலாற்றுக்கு முந்தையோர் தீட்டிய செங்காவி உருவங்கள் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. சாட்சி உண்மை, முடிவு தவறு. காவி என்பது ஆக்சிஜனோடு ஏற்கெனவே கூடி முடித்த இரும்பு. வெயில் அதை மேலும் மாற்ற வழியில்லை. மஞ்சள் கிழங்கும் இயற்கைதான், ஆனால் அதில் நனைத்த துணி சில நாள் வெயிலுக்கே வெளுத்துவிடும். ஆகவே பிறந்த இடத்தைவிட மூலக்கூறின் கட்டமைப்பே கணக்கு. நிறமி மட்டும் வலுவாக இருந்தாலும் போதாது. பனமலை தாளகிரீசுவரர் கோயிலில் ராஜசிம்ம பல்லவன் காலத்து ஓவியங்களில் குடையின் கீழ் நிற்கும் தேவி எஞ்சியிருக்கிறாள். சுவர்ப்பூச்சு உதிர்ந்த இடங்களில் நிறமும் சேர்ந்தே போய்விட்டது. அந்த மிச்சத்துக்கு இன்னும் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

ஓராண்டுக் காலண்டருக்கு இவ்வளவு தேவையா என்றால், தேவையில்லைதான். ஆனால் ஓவியர் கையெழுத்திட்டு விற்கும் அச்சுப்படியை வாங்குபவர் ஓராண்டுக்கென்று வாங்குவதில்லை. சீக்கிரம் மங்கும் சாய மையில் எடுத்த படியை நிறமி மையின் விலைக்கு விற்பது அவருக்குச் செய்யும் அநியாயம். நல்ல வண்ணக் குழாயில் நிறமிக் குறியீடு இருக்கும்: பி.ஆர். 102 என்றால் இயற்கைக் காவி, பி.ஆர். 83 என்றால் எளிதில் மங்கும் அலிசரின் சிவப்பு. ஒளி தாங்கும் திறனை அளக்க, நீலச் சாயமிட்ட எட்டுக் கம்பளித் துண்டுகளை மாதிரியோடு சேர்த்து வெயிலில் வைப்பார்கள். முதல் துண்டு சீக்கிரம் வெளுக்கும், எட்டாவது கடைசிவரை தாங்கும். சுவரில் மாட்டும் படிக்கு ஏழு அல்லது எட்டு என்ற அளவையே அச்சகத்தாரிடம் கேட்க வேண்டும்.