கொசுவுக்குள் தெரியும் பட்டைகள்

மாடித் தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விட்டால் அங்கே முட்டையிட வருவது அனாபிலிஸ் ஸ்டீபன்சி, நகர மலேரியாவைப் பரப்பும் கொசு. அதன் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ராட்சதக் குரோமோசோம்கள் உண்டு. செல் பிரியாமல் டி.என்.ஏ. மட்டும் திரும்பத் திரும்பப் படியெடுக்கப்படும். இழைகள் பிரியாமல் ஒன்றாகச் சேர்ந்து தடிக்கும். சாதாரண நுண்ணோக்கியிலேயே பட்டை பட்டையாகத் தெரியும்! 1881-இல் உயிரியலாளர் பால்பியானி இவற்றை முதலில் கண்டது கைரோனோமஸ் பூச்சியின் புழுவில். நம் சாக்கடையில் நெளியும் சிவப்புப் புழுக்களும் அந்தக் குடும்பமே.

இத்தகைய பட்டைகளின் வரிசை கொசுவுக்குக் கொசு மாறியிருந்ததை வைத்துத்தான், கிராமப்புற மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் குலிசிபேசிஸ் ஒரே இனமல்ல என்பது 1980-இல் தெரிந்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், அவற்றுள் 'பி' வகை மலேரியாவை மிகக் குறைவாகவே பரப்புகிறது. எந்தக் கொசுவை முதலில் ஒழிக்க வேண்டும் என்று முடிவெடுக்க இந்த வேறுபாடு மிக முக்கியம்.