காத்த கைகளும் மீண்ட இசையும்

ஓவியம் சுவரில் நிலைக்கும். சிற்பம் கல்லில் நிலைக்கும். இசையோ ஒலித்த அளவிலேயே மறைந்துவிடும். ஆகவே ஐரோப்பியச் செவ்வியல் இசையில் ஒவ்வொரு கருவிக்கும் உரிய ஒலிகளைக் குறியீடுகளால் எழுதி வைப்பர். அத்தாள் அழியின் படைப்பும் அழியும். தாள் இருந்தும் இசைப்பார் இல்லையெனில் அது ஊமையாய்க் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் இவ்விரு தீங்கிற்கும் உள்ளான சில படைப்புகள் மீண்டு வந்த வரலாற்றை இங்குக் காண்போம்.

தெரேசின் முகாம்

பிராக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோட்டை நகர் தெரேசின். 1941 நவம்பர் முதல் நாஜிகள் யூதர்களை இங்கு அடைத்து வைத்தனர். ஏறத்தாழ 1,40,000 பேர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் பிணியாலும் அங்கேயே மாண்டனர்.

இத்தகைய இடத்தில் இசை பிறந்தது என்பது வியப்பன்றோ? ஹான்ஸ் கிராசா இயற்றிய 'புருண்டிபார்' என்னும் சிறுவர் இசை நாடகம் இங்கு 55 முறை நடிக்கப்பெற்றது. நடித்த சிறுவர்கள் வேறு முகாம்களுக்கு அனுப்பப்படும்தோறும் புதிய சிறுவர்கள் அவர்தம் இடத்தில் நின்று பாடினர். நாஜிகள் இதனை அனுமதித்தது இரக்கத்தால் அன்று. 1944 ஜூன் 23இல் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது, உலகை ஏமாற்றும் திரையாக இவ்விசையும் பயன்பட்டது.

வியன்னாவில் ஷோன்பெர்க்கிடம் பயின்ற விக்டர் உல்மன், இம்முகாமில் இருபதுக்கும் மேற்பட்ட படைப்புகளை இயற்றினார். அவற்றுள் 'அட்லாண்டிஸின் பேரரசன்' என்னும் இசை நாடகம் தலையாயது. எல்லோரும் எல்லோரையும் கொல்லுமாறு பேரரசன் போர் தொடுக்க, வெகுண்ட மரணதேவன் தன் தொழிலையே நிறுத்திவிடுவதாக அமைந்தது இதன் கதை. ஒத்திகை நடந்தும் முகாமில் இது அரங்கேறவில்லை.

1944 அக்டோபர் 16இல் உல்மன், கிராசா, பாவெல் ஹாஸ், கிதியோன் கிளைன் ஆகியோர் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டனர். முதல் மூவரும் அங்குக் கொல்லப்பட்டனர். இளைஞரான கிளைன் 1945 ஜனவரியில், தம் 25ஆம் வயதில், வேறொரு முகாமில் உயிர் நீத்தார்.

மீட்பு

புறப்படுமுன் உல்மன் தம் தாள்களை முகாம் நூலகரான எமில் உட்டிட்ஸிடம் ஒப்படைத்தார். போருக்குப்பின் அவை எச்.ஜி.ஆட்லர் என்னும் அறிஞர் கைக்கு வந்தன. முகாமில் அரங்கேறாத அந்நாடகம் 1975 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் நகரில் முதன்முதலாக அரங்கேறியது.

ஹாஸ் நரம்புக் கருவிகளுக்கென எழுதிய படைப்பை முகாமில் நடத்தியவர் கரேல் ஆன்செர்ல். உயிர் பிழைத்த அவர், போருக்குப்பின் அதன் தாள்களைத் தேடிக் கண்டெடுத்தார். டபுள் பாஸ் கருவிக்குரிய தாள் மட்டும் கிட்டவில்லை. எஞ்சிய கருவிகளின் ஒலிப்போக்கைக் கொண்டு, விடுபட்ட பகுதி பின்னாளில் எழுதி நிரப்பப்பட்டது. கிளைன் ஒரு நண்பரிடம் விட்டுச் சென்ற பூட்டிய பெட்டியோ 1990இல்தான் வெளிப்பட்டது.

நாம் கருதத்தக்கது

தாள்கள் கிடைத்தும் இவை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது ஏன்? படைத்தவர் இல்லை; பாடியவர் இல்லை; கேட்டவருள்ளும் பெரும்பாலோர் இல்லை. எடுத்துச் சொல்ல நாவில்லாத இசை அது. அன்றியும், இவர்களை இறந்தோர் பட்டியலில் மட்டுமே வைத்து இரங்குவது முழு நீதியாகாது. இவர்கள் தேர்ந்த இசை வல்லுநர்கள். அவர்தம் இசையை இசையாகவே கேட்பதுதான் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆட்சியாளர் அழிக்க நினைத்ததை ஒரு நூலகரும் ஒரு நண்பரும் காத்தனர். படைப்பதற்குப் புலமை வேண்டும். காப்பதற்கு நம்பகம் போதும். அது நம் எல்லோர்க்கும் இயல்வதே.