மேற்கு என்றால் யாருக்கு மேற்கு?

அமெரிக்காவின் தென்பகுதியில், அர்கன்சாஸ் மாநிலத்துப் பருத்திக்காட்டுப் பக்கம். கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போவார்கள். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிய பஸ் அவர்களைத் தாண்டிப் போகும். அப்படி நடந்து போன சிறுவன் ஒருவனுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு விஷயம் பிடிபடவே இல்லை: அடிமைகளை ஏன் சந்தோஷமாகக் காட்டியிருக்கிறார்கள்?

1941-ல் பிறந்த அந்தச் சிறுவன், ஜேம்ஸ் பேங்க்ஸ், வளர்ந்த பிறகும் அந்தக் கேள்வியை விடவில்லை. முதலில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். 1969-ல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1992-ல் அங்கே பல்பண்பாட்டுக் கல்வி மையத்தை நிறுவினார். மனைவி செர்ரி மெக்கீ பேங்க்ஸுடன் சேர்ந்து 1995-ல் அவர் பதிப்பித்த ஆய்வுக் கையேடு இந்தத் துறைக்கே அஸ்திவாரம்.

பல்பண்பாட்டுக் கல்வி என்றதும் நம்மூர் மாறுவேடப் போட்டி ஞாபகம் வரலாம். ஒரு பிள்ளைக்குக் குல்லா, இன்னொன்றுக்குத் தலைப்பாகை, கைதட்டல், முடிந்தது. பேங்க்ஸ் கணக்கில் இது முதல் படி மட்டுமே. பண்டிகையையும் தலைவர் படத்தையும் ஒட்டவைத்தால் பாடம் அப்படியேதான் இருக்கும்.

அவர் காட்டும் உதாரணம் ஒன்று போதும். அமெரிக்க வரலாற்றுப் புத்தகங்களில் ‘மேற்கு நோக்கிய நகர்வு’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. கிழக்கிலிருந்து கிளம்பிய வெள்ளைக் குடியேறிகளுக்கு அது மேற்கு. லக்கோட்டா பழங்குடிகளுக்கு? அது வீடு. மெக்சிகோவிலிருந்து பார்த்தால் வடக்கு. தலைப்பு வைத்தவர் எங்கே நின்றுகொண்டு வைத்தார் என்று பத்து வயதுப் பிள்ளையைக் கேட்கவைப்பதுதான் பல்பண்பாட்டுக் கல்வியின் வேலை. கணக்கு வாத்தியாரும் ‘எனக்கென்ன’ என்று நழுவ முடியாது; எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும்படி நடத்துவதும் இந்தக் கல்விக்கு பேங்க்ஸ் சொன்ன ஐந்து அம்சங்களில் ஒன்று.

ஆனால் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது ஆய்வு மையத்தின் கையில் இல்லை. சியாட்டிலில் கறுப்பர்கள் ஒரு பகுதியில், வெள்ளையர்கள் வேறு பகுதியில் என்று பிரிந்தே வாழ்ந்தார்கள். 1978-ல், கோர்ட் உத்தரவு இல்லாமலேயே, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக் கலந்து படிக்கவைத்தது அந்த நகரம். அர்கன்சாஸில் தாண்டிப் போன பஸ் எங்கே, இது எங்கே! எதிர்ப்பு ஓயவில்லை; திட்டம் மெல்லத் தேய்ந்தது. பிறகு உயர்நிலைப் பள்ளிகளில் இடம் ஒதுக்கும்போது, போட்டி வந்தால் மாணவரின் இனத்தையும் பார்த்தார்கள். அதையும் 2007 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. தீர்ப்பு 5-க்கு 4.