நிலத்தடி நீரில் ஆர்செனிக்: தங்க நானோதுகள் மின்வேதி உணரியின் ஆற்றலும் வரம்பும்

வங்காளப் படுகையில், நோய்க்கிருமிகள் கலந்த மேற்பரப்பு நீருக்கு மாற்றாக 1970களிலிருந்து பெருமளவில் அமைக்கப்பட்ட குழாய்க் கிணறுகள் பலவற்றில் நிலப்படிவுகளிலிருந்து கரையும் ஆர்செனிக் காணப்படுகிறது. நிறம், மணம், சுவை ஆகியவற்றால் இதனை அறிய இயலாது. அடுத்தடுத்த கிணறுகளிலும் இதன் அளவு பெரிதும் வேறுபடுவதால், ஒவ்வொரு கிணற்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆகும். நிறமாற்றத்தைக் கண்ணால் ஒப்பிடும் களச் சோதனைப் பெட்டிகள் இவ்வளவை ஒட்டித் தெளிவான முடிவைத் தருவதில்லை.

தங்க நானோதுகள் பூசிய கார்பன் மின்முனை இக்குறையை நீக்க முயல்கிறது. அமில ஊடகத்தில் எதிர் மின்னழுத்தம் அளிக்கும்போது, ஆர்செனிக்(III) ஒடுக்கமடைந்து தங்கப் பரப்பில் தனிமமாகப் படிகிறது. பின்னர் மின்னழுத்தத்தை நேர்த்திசையில் உயர்த்த, படிவு ஆக்சிசனேற்றமடைந்து மீண்டும் கரைகிறது. அப்போது தோன்றும் மின்னோட்ட உச்சம் செறிவைக் காட்டுகிறது. நானோதுகள்களின் மிகு பரப்பு, குறைந்த தங்கத்திலேயே உணர்திறனைக் கூட்டுகிறது.

எனினும், தூய கரைசலில் பெறப்படும் கண்டறிதல் எல்லை மட்டுமே போதிய சான்றாகாது. கிணற்று நீரிலுள்ள செம்பும் தங்கத்தில் படிந்து உச்சத்தைத் திரிக்கும். ஆர்செனிக்(V) வழக்கமான நிலைமைகளில் எளிதில் ஒடுக்கமடைவதில்லை; முன்னதாக வேதிமுறையில் ஒடுக்காவிடில் அது கணக்கில் விடுபடும். அவ்வாறு விடுபடின், நச்சுக் கிணறு பாதுகாப்பானதென அறிவிக்கப்படும். ஆகவே, உணரியின் தகுதியை உண்மையான கிணற்று நீரில் மொத்த ஆர்செனிக்கை அளந்தே நிறுவுதல் வேண்டும்.